கொள்ளைநோய்க் காலத்தில் கல்லூரி: காய்ச்சலுக்கும் வருகைப்பதிவுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி (காரைக்குடி, தேவகோட்டை வட்டார மாணவர்களுக்கு)

கல்லூரிக்குள் தொற்று எப்படி நுழைகிறது என்றால் இருமலும் தும்மலும்தான் நினைவுக்கு வரும். அதற்கு முந்தைய படி ஒன்று இருக்கிறது: "இன்னைக்கும் லீவு போட்டா 75 போயிரும்" என்கிற பயம். தேர்வெழுதத் தேவையான 75 சதவீத வருகையைத்தான் சொல்கிறார்கள். அந்தப் பயத்தில் காலையிலேயே ஒரு பாராசிட்டமால் போட்டுக்கொண்டு, புதுவயலிலோ பள்ளத்தூரிலோ பஸ் ஏறி, வாசலில் தெர்மல் கன்னுக்கு நெற்றியைக் காட்டி, 98 என்று வந்ததும் வகுப்பில் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். மாத்திரையின் வேகம் இறங்கும் மதிய நேரத்துக்குள் பக்கத்து பெஞ்சுக்கும் கொடுத்து முடித்திருப்பார்கள்.

ஆகவே உடல்நல விதி வேறு, வருகை விதி வேறு என்று பிரித்துப் படித்தால் இரண்டிலும் தோற்போம். இங்கே இரண்டையும் பின்னியே சொல்லியிருக்கிறோம்.

உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைக் கொள்ளைநோய் என்று அறிவித்தது 2020 மார்ச் 11. உலகளாவிய அவசரநிலை முடிந்தது என்று சொன்னது 2023 மே 5. அந்தக் கட்டுப்பாடுகள் இன்று நடைமுறையில் இல்லை. ஆனால் அடுத்து எது வந்தாலும் தூசி தட்டி எடுக்கப்போவது அப்போது போட்ட விதிகளைத்தான். ஃப்ளூ, அம்மை, மெட்ராஸ் ஐ வரும் சாதாரண வருஷத்திலும் கீழே உள்ள படிகளில் முக்கால்வாசி அப்படியே பொருந்தும்.

யார் சொல்வதைக் கேட்பது?

நோய்க் காலத்தில் நாலு இடத்திலிருந்து உத்தரவு வரும்: மத்திய சுகாதார அமைச்சகம், தமிழக அரசு, மாவட்ட ஆட்சியர், கடைசியாக உங்கள் கல்லூரி. கல்லூரி திறப்பா மூடலா என்பதை மாநில அரசு முடிவு செய்யும். பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005, தமிழ்நாடு பொது சுகாதாரச் சட்டம் 1939 ஆகியவற்றின் பலத்தில் அபராதமும் போடும். முகக்கவசம் இல்லாதவருக்கு 2020-ல் 200 ரூபாய், 2022 ஜனவரியில் 500 ரூபாய் என்று ஏறியது இப்படித்தான். வருகைப்பதிவை எப்படிக் கணக்கிடுவது என்பதை மட்டும் பல்கலைக்கழகமும் கல்லூரியும் முடிவு செய்யும். சுகாதாரத் துறை உங்களை ஏழு நாள் வீட்டில் இரு என்று சொன்னால், அந்த ஏழு நாளுக்கும் வருகை தானாக வந்துவிடாது. இந்த ஒரு வரி புரிந்தால் பாதி வேலை முடிந்தது.

செட்டிநாட்டில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. ஊர்கள் சிவகங்கை, புதுக்கோட்டை என்று இரண்டு மாவட்டங்களில் கிடக்கின்றன. திருமயத்திலிருந்தோ பொன்னமராவதியிலிருந்தோ காரைக்குடிக்குப் படிக்க வருகிறவருக்கு வீடு ஒரு ஆட்சியரின் எல்லையில், கல்லூரி இன்னொருவர் எல்லையில். உங்கள் தெரு அடைக்கப்பட்டால் அந்தச் செய்தி கல்லூரிக்குத் தானாகப் போகாது. அடைப்பு அறிவிப்பின் படத்தையும், சுகாதார ஆய்வாளர் வீட்டுக் கதவில் ஒட்டிய ஸ்டிக்கரின் படத்தையும் தேதி தெரிகிற மாதிரி எடுத்து அனுப்புவது உங்கள் பொறுப்பு. கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு சான்று வாங்கிவிட்டால் இன்னும் நல்லது.

கல்லூரியே மூடியிருக்கும் நாட்களுக்கு விதி வேறு. 2020 ஏப்ரல் இறுதியில் யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) வெளியிட்ட வழிகாட்டுதல், பொதுமுடக்கக் காலத்தை மாணவர்கள் வருகை தந்ததாகவே கருதலாம் என்றது. அதைப் பிடித்துக்கொண்டு, "நான் குவாரன்டைனில் இருந்த நாளையும் அப்படிப் போடுங்க" என்று கேட்கிறவர்கள் உண்டு. வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது நீங்கள் மட்டும் வராமல் இருந்தது அந்த வரிக்குள் அடங்காது. அதற்குத் தனியாகக் கல்லூரி சுற்றறிக்கை வேண்டும். வாய்மொழியாக "பாத்துக்கலாம்பா" என்று சொன்னதெல்லாம் செமஸ்டர் முடிவில் காற்றோடு போகும்.

அதே ஆண்டு நவம்பரில், கல்லூரிகளைத் திறக்கும்போது ஒரே நேரத்தில் பாதிப் பேருக்கு மேல் வளாகத்தில் இருக்கக்கூடாது என்றும், விரும்பாத மாணவர் வீட்டிலிருந்தே படிக்கலாம் என்றும் யு.ஜி.சி. சொன்னது. சுழற்சி முறை வந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: நம் பேட்ச் வராத நாளுக்கு ஆன்லைன் வருகை போடுகிறார்களா, அல்லது வந்த நாட்களை மட்டும் வைத்துச் சதவீதம் போடுகிறார்களா? இரண்டும் நியாயம்தான். எது என்று தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து.

உங்கள் கணக்கை நீங்களே போடுங்கள்

ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்று வைப்போம். 75 சதவீதம் என்றால் 67.5, அதாவது 68 நாள் வந்தாக வேண்டும். கையில் இருப்பது 22 நாள். வாரத்துக்கு ஆறு நாள் வகுப்பு என்றால், ஏழு நாள் தனிமை ஆறு வேலை நாளைத் தின்னும். மிச்சம் 16. கொரோனாவின் தொடக்கத்தில் இருந்தது போல 14 நாள் குவாரன்டைன் என்றால் 12 வேலை நாள் போகும். ஒரே செமஸ்டரில் இரண்டு முறை அப்படி உட்கார வைத்தால் 24 நாள் போய், வருகை 73.3 சதவீதத்துக்கு வந்துவிடும். ஒரு நாள்கூடக் காய்ச்சல் இல்லாமல், பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு வந்ததாலேயே ஷார்டேஜில் (வருகைக் குறைவில்) விழலாம்.

நாள் கணக்கு மட்டும் போட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். பொறியியல் கல்லூரிகளிலும் பல தன்னாட்சிக் கல்லூரிகளிலும் பாடவாரியாக மணிக்கணக்கு. வாரம் நாலு மணி வீதம் 15 வாரம் நடக்கும் பாடத்துக்கு மொத்தம் 60 மணி; 45 மணி இருந்தாக வேண்டும்; 15 மணி விடலாம். ஒரு வாரம் வராவிட்டால் நாலு மணிதான் போகும், தாங்கும்.

முதலில் அடிபடுவது லேப். வாரம் ஒரு நாள், மூன்று மணி, 15 வாரம் என்றால் 45 மணி. 75 சதவீதம் 33.75. பதினோரு லேப் வந்தால் 33 மணி, 73.3 சதவீதம், போச்சு. பன்னிரண்டு வந்தாக வேண்டும். ஆக விடக்கூடியது மூன்றே மூன்று லேப். ஏழு நாள் தனிமையில் ஒரு லேப் கட்டாயம் போகும். பத்து நாள் என்றால் இரண்டு போக வாய்ப்பு உண்டு. தைப்பூசத்துக்குப் பழனி நடக்கிறவர்கள் ஒரு வாரத்தை அதற்கு வைத்திருப்பார்கள். முத்துமாரியம்மன் மாசி–பங்குனித் திருவிழாவுக்கும் அதே செமஸ்டரில்தான் லீவு போடுவோம். நோய் பரவும் வருஷத்தில் இந்த லீவுகளையெல்லாம் லேப் இல்லாத நாளாகப் பார்த்து வைத்துக்கொண்டால், உடம்புக்கு முடியாதபோது கையில் இருப்பு இருக்கும். பாதயாத்திரைக்கு மெடிக்கல் சர்டிஃபிகேட் வாங்கிக் கொடுக்கும் பழக்கத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நிஜமாகவே காய்ச்சல் வரும்போது இரண்டாவது சர்டிஃபிகேட்டை யாரும் நம்ப மாட்டார்கள்.

காய்ச்சல் தெரிந்த முதல் நாள்

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். எல்லாம் கெட்டுப்போவது முதல் 24 மணி நேரத்தில்தான்.

1. மாத்திரை போடும் முன் வெப்பமானி வைத்துப் பாருங்கள். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 38 செல்சியஸ் தொட்டால் காய்ச்சல். எண்ணையும் நேரத்தையும் குறித்துவையுங்கள். இந்தக் குறிப்பு டாக்டருக்கும் பயன்படும், கல்லூரிக்கும் பயன்படும்.

2. அறையை விட்டு வெளியே போகாமல் வகுப்பு ஆசிரியருக்கு எழுத்தில் சொல்லுங்கள். போனில் பேசினாலும் பிறகு ஒரு வாட்ஸ்அப் செய்தியோ மின்னஞ்சலோ அனுப்புங்கள். வகுப்பு குரூப்பில் போடாதீர்கள், தனியாக அனுப்புங்கள். இப்படி இருந்தால் போதும்:

"வணக்கம் மேடம். இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. வேதியியல், பதிவு எண் ____. நேற்று இரவு 9 மணியிலிருந்து காய்ச்சல், 101 டிகிரி, தொண்டை வலியும் இருக்கிறது. இன்று காலை அரசு மருத்துவமனையில் சாம்பிள் கொடுக்கிறேன். கடைசியாகக் கல்லூரிக்கு வந்தது வெள்ளிக்கிழமை. அன்று மதியம் லேபில் என் மேசையில் மூன்று பேர் இருந்தார்கள். ரிசல்ட் வந்ததும் அனுப்புகிறேன்."

லேபில் யார் இருந்தார்கள் என்ற வரியைச் சங்கடப்பட்டு விட்டுவிடாதீர்கள். கொரோனாவில் அறிகுறி தெரிவதற்கு இரண்டு நாள் முன்பே பரப்பத் தொடங்கிவிடுவோம். அந்த இரண்டு நாளில் ஆறடிக்குள் கால் மணி நேரமோ அதற்கு மேலோ யாருடன் இருந்தீர்கள் என்பதுதான் கேள்வி. பஸ்ஸில் பக்கத்து சீட், மெஸ்ஸில் எதிர் சீட், அறைத்தோழர், லேப் மேசை என்று இந்த நாலையும் யோசித்தால் பட்டியல் தயார்.

3. பரிசோதனை. அரசு மருத்துவமனையில் இலவசம். சாம்பிள் கொடுக்கும் இடத்தில் மூன்று தவறுகள் சகஜம். ஆதாரில் இருக்கும் இனிஷியல் ஒன்று, கல்லூரிப் பதிவேட்டில் ஒன்று. பதிவேட்டில் உள்ளபடி பெயரைச் சொல்லுங்கள். தொலைபேசி எண்ணாக அப்பாவின் எண்ணைக் கொடுத்துவிட்டு, ரிசல்ட் வரவில்லையே என்று காத்திருப்பது இரண்டாவது. சாம்பிளுக்குக் கிடைக்கும் எஸ்.ஆர்.எஃப். எண்ணை (மாதிரிப் படிவ எண்) குறித்துக்கொள்ளாமல் வருவது மூன்றாவது. ரிசல்ட்டைத் தேடவும் உண்மை என்று காட்டவும் அந்த எண்தான் ஆதாரம்.

ரேபிட் டெஸ்ட்டில் பாசிட்டிவ் என்றால் பாசிட்டிவ்தான். நெகட்டிவ் என்று வந்து, அறிகுறி மட்டும் இருந்தால் ஆர்.டி.பி.சி.ஆர். எடுத்தே ஆக வேண்டும். மருந்துக்கடையில் வாங்கும் கிட் உங்களை எச்சரிக்க நல்லது. ஆனால் மேசை மேல் வைத்து எடுத்த அந்த இரண்டு கோட்டுப் படத்தில் உங்கள் பெயரும் இல்லை, தேதியும் இல்லை. வருகைக்கு அது செல்லாது என்று அலுவலகம் சொன்னால் கோபப்படுவதில் பயனில்லை.

4. கபசுரக் குடிநீர், நிலவேம்புக் கஷாயம் குடிப்பவர்கள் குடிக்கலாம். அதைக் குடித்துக் காய்ச்சல் விட்டது என்று பரிசோதனையைத் தள்ளிப்போடுவதுதான் தப்பு.

தனிமை: எத்தனை நாள், எந்த அறையில்

2022 ஜனவரியில் மத்திய சுகாதார அமைச்சகம் திருத்திய விதி, லேசான தொற்றுக்கு: பாசிட்டிவ் வந்த நாளிலிருந்து குறைந்தது ஏழு நாள் ஆகியிருக்க வேண்டும், தொடர்ந்து மூன்று நாள் காய்ச்சல் இல்லாமலும் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தே நிறைவேற வேண்டும். அதற்கு முன்பு பத்து நாள் என்று இருந்தது.

எப்படி எண்ணுவது? திங்கட்கிழமை பாசிட்டிவ். காய்ச்சல் வியாழனோடு விட்டது. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாள் சுத்தம். அடுத்த திங்கள் வெளியே வரலாம். அதே ஆளுக்குச் சனிக்கிழமை வரை காய்ச்சல் இருந்தால் ஞாயிறு, திங்கள், செவ்வாய் கழித்து புதன்கிழமைதான். "காய்ச்சல் இல்லை" என்றால் பாராசிட்டமால் போடாமலே இல்லை என்று பொருள்.

தனிமையை முடிக்க மறுபடி டெஸ்ட் எடுக்க வேண்டியதில்லை என்பதும் அதே விதியில் இருந்தது. காரணம் எளிது. செத்துப்போன கிருமியின் துணுக்கைக்கூட ஆர்.டி.பி.சி.ஆர். பிடித்துவிடும், குணமானவருக்கும் வாரக்கணக்கில் பாசிட்டிவ் காட்டலாம். "நெகட்டிவ் ரிப்போர்ட் இருந்தால்தான் உள்ளே" என்று போர்டு மாட்டும் கல்லூரி, தன் மாணவரைத் தானே காரணமில்லாமல் ஷார்டேஜில் தள்ளுகிறது.

அறை. விடுதியில் இருப்பவரை வார்டன் உடனே ஊருக்குப் பஸ் ஏற்றி அனுப்புவது எல்லாவற்றிலும் மோசமான முடிவு. ஒரு பஸ் முழுக்கத் தொட்டு, ஊரில் அப்பத்தாவும் ஐயாவும் இருக்கும் வீட்டில் போய் இறங்கும் அது. விடுதியில் குளியலறை ஒட்டிய இரண்டு மூன்று அறைகளை செமஸ்டர் தொடக்கத்திலேயே காலியாக வைத்திருக்க வேண்டும். சாவி யாரிடம், சாப்பாடு யார் வைப்பது, ராத்திரி மூச்சுத் திணறினால் யாருக்குப் போன் செய்வது என்ற மூன்றையும் எழுதி அந்த அறைக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்க வேண்டும்.

நகரத்தார் வீடுகளில் வாடகைக்கு அறை எடுத்துத் தங்கியிருப்பவர்கள் கவனிக்க. வளவைச் (நடு முற்றப் பகுதியை) சுற்றியுள்ள உள் அறைகள் பலவற்றில் கதவைச் சாத்தினால் காற்றே கிடையாது. அந்தக் காலத்தில் சாமான் வைக்கக் கட்டியவை. அங்கே தனிமைப்படுத்தினால் நோயாளிக்கும் கஷ்டம், சோறு வைக்க வருகிறவருக்கும் ஆபத்து. வெளிப்பக்கம் சன்னல் உள்ள மாடி அறையோ, முகப்பை ஒட்டிய அறையோ கேட்டு வாங்குங்கள். எதுவும் இல்லை என்றால் முற்றத்தைப் பார்த்த கதவைத் திறந்து வைத்து, மற்றவர்கள் அந்தப் பத்தி (தாழ்வாரம்) வழியாக நடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். முற்றம் திறந்திருப்பது இந்த வீடுகளின் பெரிய வரம். மழைக்கும் குரங்குக்கும் பயந்து அதன் மேல் ஃபைபர் ஷீட் போட்டு மூடிய வீட்டில் அந்த வரம் இல்லை.

அறையில் இருக்க வேண்டியவை: வெப்பமானி, பல்ஸ் ஆக்ஸிமீட்டர், மூன்றடுக்கு அல்லது என்95 முகக்கவசம் (வால்வு வைத்தது வேண்டாம், நீங்கள் விடும் மூச்சை அது வடிகட்டாது), தனித் தட்டு, தம்ளர், மூடி போட்ட குப்பைக்கூடை. டிபன் கேரியரை வாசலில் வைத்துவிட்டு அவர்கள் நகர்ந்த பிறகு எடுங்கள்.

ஆக்ஸிமீட்டரை விரலில் மாட்டிய உடனே வரும் எண்ணை நம்பாதீர்கள். ஐந்து நிமிஷம் உட்கார்ந்து, கையை உள்ளங்கையால் தேய்த்துச் சூடாக்கி, மாட்டி, எண் ஒரே இடத்தில் நிற்கும் வரை பொறுங்கள். நகப்பூச்சோ அழுத்தமான மருதாணியோ இருந்தால் வேறு விரலில் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்குள் மூன்று முறை பார்த்து மூன்றும் 93 அல்லது அதற்குக் கீழே என்றால் 108. நிமிஷத்துக்கு 24 தடவைக்கு மேல் மூச்சு வாங்குவது, நெஞ்சில் விடாத வலி அல்லது அழுத்தம், பேச்சில் குழப்பம், எழுப்பினால் எழாதது, 100 டிகிரிக்கு மேல் மூன்று நாளைத் தாண்டியும் விடாத காய்ச்சல் ஆகியவற்றுக்கும் காத்திருக்கக் கூடாது. சந்தேகம் கேட்க 104. அறைக்குள் கிடந்து மனசு பாரமாக இருந்தால் 14416.

ஃபைலில் என்னென்ன?

குணமான பிறகு சேகரிக்கலாம் என்று விட்டால் சேராது. அன்றன்றே ஒரு ஃபோல்டரில் போடுங்கள்:

— முதல் நாள் அனுப்பிய செய்தியும் ஆசிரியரின் பதிலும்.
— பரிசோதனை முடிவு, எஸ்.ஆர்.எஃப். எண்ணோடு.
— டாக்டர் சீட்டு. ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரி.
— மருத்துவச் சான்றிதழ்: நோய், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை ஓய்வு, டாக்டரின் கையெழுத்து, முத்திரை, மருத்துவ கவுன்சில் பதிவு எண். பதிவு எண் இல்லாத சான்றிதழ் திரும்பி வரும்.
— கல்லூரிக்குத் திரும்பத் தகுதி என்ற ஃபிட்னஸ் சான்றிதழ், திரும்பும் நாளின் தேதியில்.

இரண்டு சான்றிதழையும் ஒரே தாளில், ஒரே தேதியில், ஒரு மாதம் கழித்து வாங்கி வருவதுதான் அலுவலகம் அதிகம் நிராகரிக்கும் வகை. திரும்பிய முதல் நாளே அசலைக் கொடுத்து, நகலில் "பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்து வாங்குங்கள். பெற்றோர் கையெழுத்தும் கேட்பார்கள். வெளிநாட்டில் அப்பா இருக்கும் வீடுகள் இங்கே ஏராளம், அம்மா கையெழுத்துப் போதுமா, கார்டியன் கையெழுத்து வேண்டுமா என்பதை முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மை போட்டால்

நம் பக்கத்தில் இது தனிக்கதை. அம்மை என்றால் டாக்டரிடம் போகக்கூடாது, வேப்பிலைப் படுக்கை, மூன்று தண்ணீர் ஊற்றிய பிறகுதான் வெளியே. வீட்டில் இருக்க வைக்கும் அந்த முறை தொற்று பரவாமல் தடுக்க நல்லதே. சின்னம்மைக் கொப்புளம் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை ஒதுங்கி இருக்கச் சொல்வதுதான் மருத்துவமும். வருகைப்பதிவில்தான் அடி விழுகிறது. டாக்டரையே பார்க்காதவருக்கு யார் சான்றிதழ் தருவது? பத்துப் பன்னிரண்டு வேலை நாள் ஒரு தாளும் இல்லாமல் போய்விடுகிறது.

வழி இருக்கிறது. நோயாளி வீட்டை விட்டு வெளியே வராமலே, வீட்டுப் பெரியவர் ஒருவர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொன்னால் கிராம சுகாதாரச் செவிலியர் வந்து பார்த்துக் குறித்துக்கொள்வார். ஊசி, மாத்திரை வேண்டாம் என்று வீட்டில் சொன்னாலும் குறிப்பு இருக்கும். பிறகு மருத்துவ அலுவலரிடம் சான்றிதழ் வாங்க அந்தக் குறிப்பு உதவும். சின்னம்மை பெரியவர்களுக்கு நிமோனியா வரை கொண்டுபோகலாம். 20 வயதுக்காரருக்கு மூச்சு வாங்கினால் சாங்கியத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் ஆஸ்பத்திரி.

ஆன்லைன் வகுப்பு வருகை

கூகுள் மீட்டில் உங்கள் பெயர் "அப்பா போன்" என்றோ "ஸ்வீட்டி" என்றோ இருந்தால் வருகை விழாது. பதிவு எண்ணின் கடைசி மூன்று இலக்கம், பிறகு பெயர் என்று மாற்றிவையுங்கள். பலர் உள்ளே நுழைந்த நேரத்தையும் வெளியேறிய நேரத்தையும் பார்த்தே வருகை போடுகிறார்கள். இணைப்பு அறுந்தால் நேரம் தெரிகிற ஸ்கிரீன்ஷாட்டை அன்று மாலைக்குள் அனுப்புங்கள். 2021 தொடக்கத்தில் கல்லூரி மாணவர்களுக்குத் தமிழக அரசு தினம் 2 ஜி.பி. டேட்டா கார்டு கொடுத்தது. அப்படி ஒன்று மறுபடி வந்தால், உங்கள் ஊரில் எந்த நெட்வொர்க் எடுக்கிறது என்று பார்த்து வாங்குங்கள். லேப் வகுப்பை ஆன்லைனில் பார்த்ததற்கு லேப் வருகை கிடைக்குமா என்பதைத் துறைத்தலைவரிடம் எழுத்தில் கேளுங்கள்.

கல்லூரி நிர்வாகம் சறுக்கும் இடங்கள்

தெர்மல் கன். சித்திரை வெயிலில் பஸ் ஸ்டாப்பிலிருந்து நடந்து வந்தவரின் நெற்றி சுடத்தான் செய்யும். பத்து நிமிஷம் நிழலில் நிறுத்திப் பிறகு பாருங்கள். எல்லோருக்கும் 92, 93 என்றே காட்டினால் மாணவர்கள் குளிர்ந்து போகவில்லை. கருவி பொருளின் வெப்பம் அளக்கும் முறையில் இருக்கிறது, அல்லது பேட்டரி தீர்ந்திருக்கிறது. காய்ச்சல் காட்டியவரைக் கூட்டத்துக்கு முன் நிறுத்திக் கேள்வி கேட்டால், நாளையிலிருந்து எல்லோரும் மாத்திரை போட்டுக்கொண்டுதான் வருவார்கள்.

ப்ளீச்சிங் பவுடர். 33 சதவீதக் குளோரின் உள்ள புது பவுடர் லிட்டருக்கு 30 கிராம் போட்டால் ஏறத்தாழ 1 சதவீதக் கரைசல். ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் வாளிக்கு 150 கிராம். கையுறையும் முகக்கவசமும் போட்டு, கொஞ்சம் தண்ணீரில் கூழாக்கி, பிறகு மீதித் தண்ணீர் விட்டுக் கலக்கித் தெளிய விட்டு, தெளிந்ததை மட்டும் எடுங்கள். அன்றன்றைக்குக் கலக்க வேண்டும். திறந்து கிடந்த மூட்டையில் குளோரின் பறந்துபோயிருக்கும், வாசனை மட்டும்தான் மிச்சம். முதலில் சோப்புத் தண்ணீரால் அழுக்கைத் துடைத்து, பிறகு இந்தக் கரைசல், பத்து நிமிஷம் ஈரம் காயாமல். ஆசிட் கலந்த கழிப்பறை கிளீனரோடு சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும், உயிருக்கே ஆபத்து. கைபடும் இடங்கள்தான் முக்கியம்: குழாய், ஸ்விட்ச், நாதாங்கி, படிக்கட்டுக் கைப்பிடி. பித்தளைக் குமிழும் இரும்பும் அரிக்கும், அதற்கு 70 சதவீத ஆல்கஹால் போதும். ஆத்தங்குடி கல் (சாயம் சேர்த்த சிமென்ட் தரை ஓடு) பதித்த பழைய கட்டடங்களில் தரையெல்லாம் ப்ளீச் ஊற்றிச் சாயத்தைக் கெடுக்க வேண்டாம். அதன் மேல் ஆசிட் படவே கூடாது. தரைக்குச் சோப்புத் தண்ணீர் போதும்.

வேதியியல் லேபுக்குள் நுழையும் முன் சானிடைசர் கூடாது. ஆல்கஹால் ஈரத்தோடு பர்னரைப் பற்ற வைத்தால் கையில் தீப்பிடித்துக்கொள்ளும். லேப் வாசலில் குழாயும் சோப்பும், 20 விநாடிக் கைகழுவல்.

காற்று. இரண்டு பக்கச் சன்னலும் திறந்திருக்க வேண்டும். கம்ப்யூட்டர் லேபில் ஸ்ப்ளிட் ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது, அறைக் காற்றையே சுற்றிச் சுற்றி விடும். ஒவ்வொரு பேட்சுக்கும் இடையே கதவு சன்னலைத் திறந்துவிட்டு, பிறகு அடுத்த பேட்சை விடுங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது, தொற்றால் வராத நாளை எப்படிக் கணக்கிடுவோம் என்ற சுற்றறிக்கையைச் செமஸ்டரின் முதல் வாரமே கொடுத்துவிடுவது. அது ஒரு பக்கத் தாள். வாசலில் வைக்கும் எந்தக் கருவியையும் விட அதிகக் காய்ச்சலை அது வீட்டிலேயே நிறுத்தும்.

ஷார்டேஜ் வந்தேவிட்டால்

75-க்குக் கீழே போனதும் எல்லாம் முடிந்துவிடாது. பல பல்கலைக்கழகங்களில் 65 முதல் 74 வரை உள்ளவர், மருத்துவக் காரணம் காட்டிக் கட்டணம் கட்டித் தேர்வு எழுதலாம். கண்டோனேஷன் என்பது இதுதான். அதற்கும் கீழே போனால் அந்த செமஸ்டர் தேர்வு இல்லை, இன்னும் கீழே என்றால் திரும்பப் படிக்க வேண்டியிருக்கும். எந்த எல்லை எந்தச் சதவீதம் என்பது கல்லூரிக்குக் கல்லூரி, நீங்கள் சேர்ந்த வருஷத்தின் ஒழுங்குமுறைக்குத் தக்கபடி மாறும். சீனியர் சொன்ன எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள். 90 நாள் கணக்கில் 65 சதவீதம் 58.5, அதாவது 59 நாள்.

செய்ய வேண்டியது: மாதக் கடைசியில் ஒட்டும் வருகைப் பட்டியலை ஒவ்வொரு மாதமும் பாருங்கள். தனிமை நாளில் "ஆப்சென்ட்" என்று விழுந்திருந்தால் அந்த வாரமே திருத்தம் கேளுங்கள். செமஸ்டர் முடிந்து பட்டியல் பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகு துறைத்தலைவராலும் திருத்த முடியாது. இன்டர்னல் தேர்வு நாளில் தனிமையில் இருந்தால் மறுதேர்வுக்குத் தனி விண்ணப்பம் கொடுங்கள். வருகை விண்ணப்பத்தோடு அது தானாகச் சேராது. செமஸ்டர் தேர்வு நாளில் காய்ச்சல் என்றால் மறைத்துக்கொண்டு ஹாலுக்குள் போகாமல், காலையிலேயே தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் போன் செய்து தனி அறை உண்டா என்று கேளுங்கள்.

கண்டோனேஷன் விண்ணப்பத்தில் மூன்று வரி போதும்: எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, என்ன நோய், இணைப்பில் என்னென்ன தாள்கள். வீட்டு நிலைமை, மன வேதனை எல்லாம் எழுதிப் பக்கத்தை நிரப்ப வேண்டாம். படிக்கிறவர் தேதியைத்தான் தேடுவார். விண்ணப்பத்தைத் துறைத்தலைவர் கையெழுத்தோடு அலுவலகத்தில் கொடுத்து, கட்டணம் கட்டி, ரசீதை ஹால் டிக்கெட்டோடு பின் செய்து வைத்துக்கொள்ளுங்கள். தேர்வு நாள் காலையில் அறைப் பட்டியலில் பெயர் விடுபட்டிருந்தால் கையில் காட்ட அந்த ரசீதுதான் இருக்கும்.